பாட்டி கண்ணாடிக்குப் புதுச் சட்டம்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல முகம் பாக்கற கண்ணாடிக்கு மரச் சட்டம் போடறது பத்திதான், அதனால மத்த மர வேலைக் கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமாவே போகுது. அந்தக் கடிதத்தப் படிச்சப்ப சுருக்கமா சொல்லி முடிக்க மனசு வரல.

கேள்வி: ஐயா, எங்க பாட்டியோட மர பீரோவ கரையான் அரிச்சு அடிப்பக்கமே இல்லாமப் போச்சு. கதவுல இருந்த கண்ணாடிய மட்டும் கழட்டி போர்வை சுத்தி வச்சிருக்கேன். 2 அடிக்கு 4 அடி, ஓரத்துல ரெண்டு இடத்துல லேசா ரசம் போயிருக்கு. கடையில கேட்டா பிளாஸ்டிக் பட்டைல சட்டம் போட்டுத் தர்றேன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல. நானே மரத்துல செய்யலாமா? என்கிட்ட கை ரம்பம், சுத்தியல், டிரில் மெஷின் மட்டும்தான் இருக்கு, இதுதான் முதல் மர வேலை. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாராளமா செய்யலாம்மா. மெஷின் இல்லையேன்னு தயங்கவே வேணாம். நேரா ஒரு வெட்டு, தப்பாம ஒரு அளவு, பசை காயுற வரைக்கும் பொறுமை, இது மூணும் இருந்தாப் போதும்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன், அந்த பீரோ மரத்தத் தூக்கிப் போட்டுட்டீங்களா? போடலன்னா போடாதீங்க. தேக்கா இருந்தா கரையான் வெளிப்பக்கம் இருக்குற வெளுத்த மரத்தத்தான் முதல்ல திங்கும், நடுவுல வைரம் பாஞ்ச பகுதிய அவ்வளவு சுலபமாத் தொடாது. கை முட்டியால தட்டிப் பாருங்க, டக் டக்னு கெட்டியா கேட்டா நல்ல மரம், பொத்து பொத்துன்னு கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல. சந்தேகமா இருந்தா ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு அழுத்துங்க, உள்ள இறங்குனா அந்தத் துண்ட விட்டுடுங்க. கதவுச் சட்டம், மேல் பலகை இதெல்லாம் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும், ஏன்னா கரையான் தரையில இருந்துதான் ஏறி வருது. அத்தனை வருஷம் வீட்டுக்குள்ளயே கிடந்து காஞ்ச மரம் இன்னிக்கு காசு குடுத்தாலும் கிடைக்காதும்மா. பாட்டி கண்ணாடிக்கு பாட்டி பீரோ மரத்துலயே சட்டம் அமைஞ்சா அத விட வேற என்ன வேணும். ரம்பம் போடறதுக்கு முன்னாடி பழைய ஆணி இருக்கான்னு மட்டும் நல்லாப் பாத்துடுங்க.

கடையில வாங்கறதா இருந்தா நாட்டுத்தேக்கு, பலா, வேங்கை மூணும் சரிதான், வேங்கை கொஞ்சம் கனம், ஈரம் பட்டா சாயமும் விடும். செலவு கம்மியாப் பழகிப் பாக்கணும்னா பேக்கிங் பெட்டி உடைச்ச பைன் மரம் நல்லாவே வரும். எம்.டி.எஃப். பலகை, அதாவது மர நார அழுத்திச் செஞ்ச பலகை மட்டும் வேணாம், ஈரம் பட்டா ஊதிடும், ஓரத்துல ஸ்க்ரூ பிடிக்காது. எந்த மரமா இருந்தாலும் காஞ்ச மரமான்னு கேட்டு வாங்குங்க. பச்சை மரத்துல செஞ்ச சட்டம் சில மாசத்துல முறுக்கிக்கும், மரம் முறுக்கும்போது கண்ணாடி கூடச் சேர்ந்து முறுக்காது, விரிசல்தான் விடும்.

சட்டத்தோட வேலை என்னன்னு ஒரு தடவை சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. கண்ணாடியத் தாங்கணும், நெருக்கக் கூடாது. மரம் மழைக்காலத்துல ஊதும், வெயில்ல சுருங்கும், அதுவும் அகல வாக்குலதான், நீள வாக்குல கிட்டத்தட்ட மாறவே மாறாது. கண்ணாடி இது எதுக்கும் அசையாது. அதனால கண்ணாடியச் சுத்தி எல்லாப் பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே ஆகணும், கச்சிதமா உக்காரணும்னு இறுக்கிப் பிடிச்ச சட்டத்துல என்னிக்காவது ஒரு நாள் மூலைல கோடு விழும்.

கடைச் சட்டத்துல கண்ணாடி உக்கார பின்பக்கம் ஒரு காடி, அதாவது படி மாதிரி பள்ளம் எடுத்திருப்பாங்க, அதுக்கு காடி இழைப்புளியோ ரூட்டர் மெஷினோ வேணும். உங்ககிட்ட ரெண்டும் இல்ல, அதனால ரெண்டு அடுக்காப் பண்ணலாம். முன்னடுக்குக்கு 2½ இஞ்ச் அகலம் அரை இஞ்ச் கனம், பின்னடுக்குக்கு 2 இஞ்ச் அகலம் அதே அரை இஞ்ச் கனம். வெளி ஓரம் ரெண்டும் சமமா இருக்கற மாதிரி ஒட்டுனா உள்பக்கம் அரை இஞ்ச் படி தானா வந்துடும், அதுதான் காடி. மரக்கடையிலயே இழைச்சு ரீப்பராக் கிழிச்சுத் தந்துடுவாங்க, ரெண்டு அளவுலயும் 7 அடில ரெண்டு ரெண்டு வாங்குங்க.

உங்க கண்ணாடி சரியா 24க்கு 48 இஞ்ச்னு வச்சுக்கிட்டு கணக்கு சொல்றேன், ஆனா டேப் வச்சு நாலு பக்கமும் குறுக்கு வாக்குலயும் அளந்துட்டு அப்புறம் வெட்டுங்க, பழைய கண்ணாடி பல நேரம் ஒரு பக்கம் நூல் அளவு கூடவே இருக்கும். சுத்திலும் கால் இஞ்ச்ல பாதி இடைவெளி விடறோம், அதாவது ஒரு நூல். அப்ப பின்னடுக்குக்கு நிக்கற கட்டை ரெண்டு 52¼ இஞ்ச், அதுக்கு நடுவுல படுக்கற கட்டை ரெண்டு 24¼ இஞ்ச். முன்னடுக்குல அப்படியே மாத்திக்கணும், படுக்கற கட்டை ரெண்டு 28¼ முழுசாப் போகும், நிக்கற கட்டை ரெண்டு 47¼ அதுக்கு நடுவுல வரும். பின்னடுக்குல இணைப்புக் கோடு நிக்கற வாக்குல விழும், முன்னடுக்குல படுக்கை வாக்குல விழும், அதனால ஒவ்வொரு மூலைலயும் ஒரு கட்டை மேல இன்னொரு கட்டை நல்லா ஏறிப் படுத்துக்குது, அந்தப் பரப்பு முழுக்க பசை பிடிக்குது. 45 டிகிரி வெட்டே தேவையில்ல, பலமும் அத விடக் கூடுதல். முதல் தடவை செய்யறவங்களுக்கு நான் இததான் சொல்லிக் குடுப்பேன்.

ஜோடிக் கட்டைகளத் தனித்தனியா அளக்காதீங்க. ஒண்ண வெட்டிட்டு அத இன்னொண்ணு மேல வச்சே கோடு போடுங்க, ரெண்டும் மயிரிழை கூட மாறக் கூடாது. முன்னடுக்க முகம் கீழ இருக்கற மாதிரி சமமான தரைல அடுக்கிட்டு, ஒரு மூலைல இருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்க, ரெண்டு குறுக்கு அளவும் ஒண்ணா வந்தா மூலைமட்டம் இல்லாமயே சட்டம் சதுரமா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஃபெவிகால் தடவி பின்னடுக்க வைங்க, வெளிய பிதுங்கற பசைய ஈரத் துணியால அப்பவே துடைச்சுடுங்க, இல்லன்னா பின்னாடி பாலிஷ் அந்த இடத்துல ஏறாம வெள்ளைத் திட்டா நிக்கும். பின்னாடி இருந்து முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ, மூலைக்கு மூணு, நடுவுல சாணுக்கு ஒண்ணு, டிரில்ல சின்ன ஓட்டை போட்டுட்டு முறுக்குங்க. கிளாம்ப் இல்லன்னா செங்கல்ல துணி சுத்தி வரிசையா மேல ஏத்தி வைங்க, 24 மணி நேரம் தொடாதீங்க.

இப்ப ஒரு சின்ன விஷயம், பல பேர் விட்டுடறது. கண்ணாடில ரசம் பின்பக்கம் இருக்கு, நாம பாக்கறது 5 மில்லிமீட்டர் கண்ணாடிக்குள்ள நுழைஞ்சு திரும்பி வர்ற பிம்பம். அதனால முன்னடுக்கோட பின்முகம், கண்ணாடிய ஒட்டி ஒளிஞ்சிருக்கற அந்த அரை இஞ்ச், கண்ணாடிக்குள்ள தெரியும். பக்கவாட்டுல நின்னு பாத்தா பாலிஷ் படாத வெளுத்த மரமும் பசை வழிஞ்ச தடமும் ஒரு கோடு மாதிரி ஓடும், கண்ணாடி உக்காந்தப்புறம் அதத் திருத்தவும் முடியாது. காடிக்குள்ள எல்லா இடத்துலயும் மேட் கறுப்புப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சு நல்லா காயவிட்டுட்டு அப்புறம் கண்ணாடி வைங்க. அந்த ஒரு வேலைல சட்டத்தோட அழகே மாறிடும்.

கண்ணாடி வைக்கும்போது கீழ்க் காடில ஓரத்துல இருந்து அரை அடி தள்ளி ரெண்டு பக்கமும் ஒரு நூல் கனத்துல ரப்பர் துண்டு போடுங்க, சைக்கிள் டியூப்ப மடிச்சு வெட்டுனாலும் போதும். கண்ணாடியோட பாரம் அந்த ரெண்டுலயும் உக்காரட்டும். பின்னாடி மெல்லிசா ஒரு ஃபோம் ஷீட், அதுக்கு மேல 6 மில்லிமீட்டர் பிளைவுட், அதப் பிடிக்க சின்னத் தகட்டுத் துண்டுகள ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்க. ஆணி அடிக்காதீங்கம்மா, கண்ணாடிக்குப் பக்கத்துல சுத்தியலே வேணாம். எங்க அப்பா செஞ்ச ஒரு சட்டத்துல கடைசி ஆணிய அவசரமா அடிச்சு முடிக்கப் போயி கண்ணாடி மூலைல இருந்து குறுக்க கோடு ஓடினத சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்தேன், அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கேள்வி: நாலு மூலையும் 45 டிகிரில வெட்டி போட்டோ ஃப்ரேம் மாதிரி செய்யறேன். மூணு மூலை அழகாச் சேருது, நாலாவது மட்டும் எப்பவும் வாயப் பிளக்குது. ரம்பம் சரியில்லையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நாலாவது மூலை மேல தப்பு இல்லங்க, மத்த மூணு மூலையும் தன்னோட தப்ப அதுகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கு. ஒரு சட்டத்துக்கு 8 வெட்டு. ஒவ்வொரு வெட்டுலயும் அரை டிகிரி பிசகினா கூட்டிப் பாருங்க, 4 டிகிரி. 3 இஞ்ச் அகலக் கட்டைல அது கால் இஞ்ச்சத் தாண்டுற இடுக்கு, கண்ணுல குத்தும்.

மைட்டர் பாக்ஸ், அதாவது ரம்பம் 45 டிகிரில ஓட காடி வெட்டுன பெட்டி வச்சு வெட்டறவங்க ரெண்டு துண்ட வெட்டிச் சேத்து மூலைமட்டத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம் நல்ல மரத்துல கை வைக்கணும். பிளாஸ்டிக் பெட்டி நாளாக நாளாக ரம்பம் உரசி உரசி காடி அகலமாயிடும், ரம்பம் உள்ள ஆடும், அத மாத்திடுங்க. வெட்டு சரியா இருந்தும் இடுக்கு வந்தா எதிரெதிர் கட்டை நீளம் மாறியிருக்கும், முதுகோட முதுகு சேத்து நிறுத்தி விரல் நுனிய ஓட்டிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும். கோடு மேல வெட்டாம கொஞ்சம் வெளியவே வெட்டிட்டு, உப்புத்தாள் ஒட்டுன பலகைலயோ கூரான இழைப்புளிலயோ கோட்டுக்குக் கொண்டு வாங்க.

இன்னொண்ணு, 45 வெட்டுல பசை பிடிக்கறது மரத்தோட தலைப்பக்கம், அதாவது நரம்போட வாய். அது பசைய உறிஞ்சிடும், ஒட்ட ஒண்ணும் மிஞ்சாது. அதனால முதல்ல மெல்லிசா ஒரு தடவை தடவி அஞ்சு நிமிஷம் விட்டு, அப்புறம் இன்னொரு தடவை தடவிச் சேருங்க. நாலு மூலைலயும் சின்ன மரத்துண்ட வச்சு சுத்தி நைலான் கயித்தக் கட்டி, ஒரு குச்சியச் சொருகி முறுக்குனா நாலு மூலையும் ஒரே நேரத்துல இறுகும், பெல்ட் கிளாம்ப் வாங்கத் தேவையே இல்ல. காஞ்சப்புறம் மூலைக்கு மூலை வெளி ஓரத்துல ரம்பத்தால குறுக்க ஒரு கோடு வெட்டி அதுக்குள்ள மெல்லிசான மரச் சீவல பசையோட சொருகிட்டு மிச்சத்தச் சீவிடுங்க. கனமான கண்ணாடிக்கு அந்தச் சீவல் இல்லாம 45 மூலைய நான் நம்ப மாட்டேன். மரத்தூளும் பசையும் குழைச்சு அடைக்கறது மயிரிழை இடுக்குக்கு மட்டும், அதுக்கு மேல அடைச்சா அடுத்த கோடையில கொட்டிடும்.

கேள்வி: வாஷ் பேசின் மேல இருக்குற கண்ணாடி கீழ் ஓரம் கறுத்துக்கிட்டே வருது. மரச் சட்டம் போட்டா நிக்குமா? கண்ணாடிய சிலிக்கான் வச்சு பலகைல ஒட்டிடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ரசம் போச்சுன்னு நாம இன்னும் சொல்றோம், பழைய காலத்துல நிஜமாவே பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பூசினாங்க. 1835ல ஜெர்மனியில ஜஸ்டஸ் ஃபான் லீபிக் கண்ணாடி மேல வெள்ளி படிய வைக்கற முறையக் கண்டுபிடிச்சாரு, இன்னிக்கு நாம பாக்கற கண்ணாடில இருக்கறது பெரும்பாலும் மெல்லிசான வெள்ளிப் படலம், அதுக்கு மேல பாதுகாப்புக்குப் பெயின்ட். முகத்துப் பக்கம் கண்ணாடி காக்குது, முதுகுப் பக்கம் பெயின்ட் காக்குது, வெட்டுன ஓரத்த மட்டும் காக்க ஆளில்ல. தண்ணி வழிஞ்சு கீழ் ஓரத்துல தேங்கி அங்க இருந்து உள்ள ஏறுது, வெள்ளி கறுக்குது. ஒரு தடவை கறுத்தது திரும்பாதுங்க, பரவறதத்தான் நிறுத்த முடியும்.

சட்டம் கறுத்த ஓரத்த மறைக்கும், ஆனா சாதாரணமாப் போட்டா தண்ணிய காடிக்குள்ள பிடிச்சு வச்சு இன்னும் சீக்கிரம் கெடுக்கும். கண்ணாடிய நல்லாக் காயவிட்டு ஓரம் நாலுக்கும் கிளியர் வார்னிஷோ நெயில் பாலிஷோ ஒரு கோட் குடுங்க, கீழ்க் கட்டைல பின்னாடி ரெண்டு சின்ன ஓட்டை போட்டு தண்ணி இறங்க வழி விடுங்க, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரப்பர் குமிழ் ஒட்டி காத்து போக இடம் விடுங்க. துடைக்கும்போது கண்ணாடி மேல நேரா ஸ்ப்ரே அடிக்காம துணில அடிச்சுத் துடைங்க, வழிஞ்சு ஓரத்துக்குப் போகாது. அமோனியா கலந்த லிக்விட் வேணவே வேணாம்.

சிலிக்கான் விஷயத்துல நிதானமா இருங்க. டியூப்ப அழுத்துனதும் காடி வாசனை, அதாவது வினிகர் வாசனை வருதுன்னா அது அசிட்டிக் வகை, அந்த அமிலம் முதுகுப் பெயின்ட அரிச்சு வெள்ளியத் தொட்டுடும், சில மாசத்துல நீங்க எங்கெங்க கோடு இழுத்தீங்களோ அதே வடிவத்துல முகத்துப் பக்கம் கறை தெரியும். நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க. ஆனாலும் சட்டம் போடற கண்ணாடிக்கு ஒட்டே தேவையில்லங்கறதுதான் என் கருத்து, ஒட்டிட்டா மரம் அசையும்போது கண்ணாடியையும் இழுக்கும், நாளைக்குக் கழட்டவும் முடியாது.

கேள்வி: சட்டத்துக்கு பாலிஷ் எது நல்லது? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: ஹால்ல மாட்டறதா இருந்தா அரக்கு பாலிஷ், பழைய பர்மா தேக்கு வீடுகள்ல பாக்கற அந்த வெதுவெதுப்பான நிறம் வேற எதுலயும் வராதும்மா. தண்ணி புழங்கற இடம்னா அரக்கு வெள்ளையாப் பூத்துடும், அங்க பி.யூ., அதாவது பாலியூரிதேன் பாலிஷ் அடிங்க. கைல தேச்சே முடிக்கணும்னா காய்ச்சின ஆளி விதை எண்ணெய், மெல்லிசா மூணு கோட், கோட்டுக்கு கோட் ஒரு நாள் இடைவெளி. எண்ணெய் துடைச்ச துணியச் சுருட்டி குப்பைக் கூடைல மட்டும் போடாதீங்க, அது காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளில காயப் போட்டுட்டு இல்ல தண்ணில முக்கிட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க. எதை அடிச்சாலும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுக்கும் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அந்தப் பக்கம் ஈரம் ஏறாது, இந்தப் பக்கம் ஏறும், கட்டை வளையும்.

கேள்வி: 4 அடிக் கண்ணாடிக்கு சட்டம் ரெடி. வீடு ஹாலோ பிளாக் சுவர். எப்படி மாட்டறது, எந்த உயரத்துல? தள்ளி நின்னாத்தான் கால் வரைக்கும் தெரியும்னு வீட்டுல சொல்றாங்க. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதல்ல எடையப் பாத்துடுவோம். கண்ணாடி 1 சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கனத்துக்கு 2½ கிலோ. 2க்கு 4 அடி, 5 மில்லிமீட்டர்னா 9 கிலோவுக்கு மேல, சட்டமும் பிளைவுட்டும் சேர்ந்தா 15 கிலோ தாண்டும். இத ஒத்த ஆணில கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாதுங்க. பாரத்த கீழ இருந்து தாங்க விடுங்க, சட்டத்துக்கு அடில படுக்கையா ஒரு கட்டைய சுவர்ல நாலு ஸ்க்ரூ போட்டு நிறுத்தி அது மேல சட்டத்த உக்கார வைங்க, மேல ரெண்டு நிக்கற கட்டைலயும் தகட்டுக் கொக்கி போட்டு சாயாமப் பிடிச்சா போதும்.

செங்கல் சுவர்னா 8 மில்லிமீட்டர் பிளக், 3 இஞ்ச் ஸ்க்ரூ, பிளக் முழுசும் பூச்சத் தாண்டி செங்கல்லுக்குள்ள போயிருக்கணும், பூச்சுல மட்டும் நின்னா ஒரு நாள் உதிரும். உங்க ஹாலோ பிளாக்ல டிரில் திடீர்னு உள்ள சறுக்குனா அங்க இருக்கறது காலி அறை, சாதா பிளக் அங்க சுத்திக்கிட்டே இருக்கும், உள்ள போயி விரியற ஹாலோ பிளக்னு தனியா கிடைக்குது, அத வாங்குங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளை போடாதீங்க, வயர் அந்த வழியாத்தான் ஓடும்.

உயரத்துக்கு வர்றேன். நேரா நிக்கற கண்ணாடில ஒருத்தர் தன்ன முழுசாப் பாக்க அவர் உயரத்துல பாதி நீளம் இருந்தாப் போதும், தள்ளிப் போனாலும் கிட்ட வந்தாலும் இது மாறாது. 6 அடி ஆளுக்கே 3 அடி போதும், உங்களுது 4 அடி. கால் தெரியணும்னா கண்ணாடியோட கீழ் விளிம்பு கண் உயரத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, அவ்வளவுதான். தூரத்துல நின்னா முழுசாத் தெரியுதுன்னு தோணறது கண்ணாடி லேசா முன்னாடி சாஞ்சிருக்கறப்ப. வீட்டுல எல்லாரையும் செருப்பில்லாம சுவரோட நிக்க வச்சு கண் உயரத்துல பென்சில் கோடு போடுங்க, அதுல யார் கோடு கீழ இருக்கோ, சின்னக் குழந்தையா இருந்தாலும் சரி, தரைல இருந்து அந்தக் கோட்டுக்குப் பாதி அளந்து அங்க கண்ணாடியோட கீழ் விளிம்பு வர்ற மாதிரி தாங்கு கட்டைய அடிங்க. ரொம்ப கீழ இறங்கி மேல பெரியவங்க தலை வெட்டுப்பட்டா ரெண்டு மூணு இஞ்ச் ஏத்திக்கலாம், குழந்தை எப்படியும் வளர்ந்துடும்.